ஒரு சாண் உள்ளே நிற்கும் மீன்

“உங்க அண்ணி என்ன வேலை பாக்குறாங்க?”

பள்ளியின் கடைசி நாளில் தோழி ஒருத்தி கேட்டாள். “ஏதோ ஆபீஸ்ல” என்று முனகிவிட்டு, பேருந்து வந்துவிட்டதுபோல ஓடினேன். என் அண்ணி மீன்காட்சியகத்தில் கண்ணாடித் தொட்டிகளைத் துடைப்பவர். அதைச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்பதால் அண்ணி எனக்கு வைத்த பெயர் காத்தாடி. ஒரு திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஏழாம் தொட்டித் தங்கமீனுக்கு வெள்ளைப்புள்ளி நோயாம். பதினாலையும் கொன்னு புதைக்கச் சொல்லிட்டாரு மேலாளர். பக்கத்துத் தொட்டிக்கும் பரவிடும்னு பயம். வியாழக்கிழமை வரைக்கும்தான் டைம்.”

“நோய்னா என்ன அண்ணி பண்றது?”

“நோயே இல்லடி! ஆறு மீனுக்கு மட்டும்தான் புள்ளி. அந்த ஆறும் மத்ததைத் துரத்தித் துரத்தி விரட்டுது. சீக்காளி எங்கயாவது துரத்துமா? உங்கண்ணன் காய்ச்சல்ல படுத்தா தண்ணி டம்ளரைக்கூட எட்டி எடுக்கமாட்டாரு.”

உள்ளேயிருந்து அண்ணன், “என்னை ஏன் இழுக்கற?” என்றான்.

வெளியூரில் ஒரு மீன் மருத்துவர் இருந்தார். புள்ளிகள் தெளிவாகத் தெரிகிற படம் வந்தால் பார்த்துச் சொல்வதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அண்ணி கைபேசியில் எடுத்து அனுப்பிய படத்தில் வெள்ளை மூட்டம்தான் இருந்தது. மீனைச் சின்னத் தொட்டிக்கு மாற்றி எடுக்கலாமென்றால், ஏழாம் தொட்டியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே போகக் கூடாதென்று மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அண்ணன் ஸ்டூடியோவில் படமெடுப்பவன். கேமரா அவனிடம் இருந்தது. சின்னப் பொருளைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸ் இல்லை. மறுநாள் காலை அவன் வேலைக்குப் போய்விட்டதால் நானும் அண்ணியும் லென்ஸ் வாடகைக் கடைக்குக் கிளம்பினோம். கையில் அண்ணன் கொடுத்த கேமராவோடு ஒரு காலித் தொட்டியையும் அண்ணி தூக்கிக்கொண்டார். தெருவே எங்களைப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று.

கடைக்காரர் இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தார். ஒன்று அறுபது மில்லிமீட்டர், கைக்கு அடக்கமானது. மற்றது நூறு, நீளமும் கனமும் அதிகம். மேசைமேல் ஒரு நாணயத்தை வைத்து இரண்டிலும் காட்டினார். இரண்டிலும் அது தட்டு அளவு தெரிந்தது.

“அறுபதையே எடுத்துக்கங்க மேடம். லேசா இருக்கும், கை நடுங்காது.”

“இதுவே போதும் அண்ணி, போலாம்” என்று நான் அவசரப்பட்டேன்.

“இரு காத்தாடி. தம்பி, ஒரு வாளி தண்ணி கிடைக்குமா?”

கடைக்காரர் சிரித்தார். ஆனாலும் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினார். அண்ணி பையிலிருந்து ஆரஞ்சு நிற பாட்டில் மூடி ஒன்றை எடுத்தார். அதில் வெள்ளை நகப்பூச்சால் ஊசிமுனைப் புள்ளிகளை வரிசையாக வைத்திருந்தார். அதை நூலில் கட்டித் தொட்டிக்குள், கண்ணாடியிலிருந்து சரியாக ஒரு சாண் உள்ளே தொங்கவிட்டார்.

“உங்க காசு மேசைமேல இருக்கு. கிட்டப் போய் எடுத்துடலாம். என் மீன் கண்ணாடிப் பக்கமே வராது தம்பி, காற்றுக்குழாய்கிட்ட ஒரு சாண் உள்ளதான் நிக்கும். ஒன்பது வருஷமா துடைக்கிறேன், எனக்குத் தெரியாதா?”

அறுபதைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தும் புள்ளிகள் பொடியாகத்தான் விழுந்தன. பெரிதாக்கினால் ஒன்றோடொன்று கலங்கின. நூறில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக நின்றது. கடைக்காரர் கேமராவைச் சற்றே சாய்த்துப் பார்த்தார்.

“சாய்க்காதீங்க. கண்ணாடி தடிமன், ஒண்ணு ரெண்டாத் தெரியும். நேரா வைங்க.”

அவர் நேராக வைத்துப் பார்த்தார். “எங்கக்கா இதெல்லாம் படிச்சீங்க?” மேடம் அதற்குள் அக்காவாகியிருந்தார்.

“துணியும் கையுமா நின்னு பாத்ததுதான்.”

அன்று மதியமே ஏழாம் தொட்டியின் முன்னால் நின்றோம். கண்ணாடியில் வெளிச்சம் பட்டுப் பளபளக்காமல் இருக்க, என் பழைய பள்ளிப் பாவாடையைக் கேமராவுக்குப் பின்னால் திரைபோலப் பிடிக்கச் சொன்னார் அண்ணி. கறுப்பு நிறம், அதற்காவது உதவியது. ஒன்றே கால் மணி நேரம் நான் அசையாமல் நின்றேன். என் வாழ்க்கையில் அதுவே முதல் முறை.

“மூச்சு விடலாம்டி, செத்துடாத” என்றார் அண்ணி, கண்ணை எடுக்காமல்.

எண்பத்தாறு படங்களில் மூன்று தேறின. அவற்றில் புள்ளிகள், வெள்ளைப்புள்ளி நோயில் வருவதுபோல உடம்பெங்கும் உப்புத் தூவியதாக இல்லை. செவுள் மூடியிலும், பக்கத் துடுப்பின் முன் விளிம்பிலும் மட்டும் தைத்து வைத்ததுபோல ஒழுங்காக இருந்தன. அன்றிரவே அவற்றை மருத்துவருக்கு அனுப்பினோம்.

புதன்கிழமை மேலாளர் அறையில் மருத்துவரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. “இது நோயில்லைங்க. ஆண் மீனுக்கு இனப்பெருக்கக் காலத்துல வர்றது. கல்யாணக்களைன்னு வச்சுக்கங்க. ஒண்ணையும் கொல்லாதீங்க. ஆமா, படம் எடுத்த போட்டோகிராஃபர் யாரு?”

மேலாளர் ஒரு நொடி அண்ணியைப் பார்த்தார். பிறகு தான் எழுந்து, நாற்காலியை அண்ணி பக்கம் நகர்த்தினார். “பேசுங்கம்மா. உங்களைத்தான் கேக்குறாரு.”

அண்ணி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“நான் இங்க தொட்டி துடைக்கிறவ சார்” என்றார், கணீரென்று.

அன்று தோழியிடம் நான் சொல்லாமல் ஓடிய பதில் அதுதான். பதினான்கு மீன்களும் உயிரோடு இருக்கின்றன. பத்தாம் நாள் செடி இலைகளில் முட்டைகள் ஒட்டியிருந்தன.

உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாராவது தங்கமீன் வளர்த்தால், கண்ணாடி துடைத்தால், அல்லது வீட்டில் ஒருவர் பார்க்கும் வேலையைச் சொல்லக் கூச்சப்பட்டால், அவர்களிடம் என் அண்ணியின் கதையைச் சொல்லுங்கள். அந்தத் தோழி கண்ணில் பட்டால் அவளிடமும்.