இருநூற்று இருபத்துமூன்று சென்டிமீட்டர்

1997 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஃபில்டர் காபி குடித்துக்கொண்டே செய்தித்தாளில் வானிலைப் பக்கத்தை மட்டும் படித்தேன். எங்கள் பிளசன்டனில் மேகமூட்டம், டாஹோ மலையில் புதுப் பனி. ஆறே முக்காலுக்கு 680 ஃப்ரீவேயில் ஏறி, ஏழு இருபத்தைந்துக்கு அலுவலகம் சேர்ந்தேன். மதியம் தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய். மூன்று மணிக்கு மேலாளரிடம், வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொய்யில்லை. வேலை கராஜில் சுவரோரம் சாய்ந்திருந்தது. என்னைவிட ஐம்பத்தொரு சென்டிமீட்டர் உயரமாக.

அது ஒரு ஜோடி ஸ்கீ, பனியில் சறுக்கும் பலகைகள். மலையுச்சியிலிருந்து திரும்பாமல் கொள்ளாமல் நேரே கீழே பாயும் பந்தயக்காரர்களுக்காகச் செய்தது. கோடையில் தெருமுனையில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் வாங்கினேன். அதே விலைக்கு நூற்று எண்பது சென்டிமீட்டர் ஜோடி ஒன்றும் பக்கத்திலேயே இருந்தது. அதைத்தான் எடுத்திருக்க வேண்டும் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். ஆனால் பள்ளிக்கூட நிஜார் முதல் கல்யாண பேன்ட் வரை எனக்கு எல்லாமே ஓர் அளவு பெரிதாக வாங்கி, உள்ளே மடித்துத் தைக்கப்பட்டவை. ஒரே விலைக்கு நீளமானது கிடைக்கும்போது குட்டையானதை எடுக்கக் கை வரவில்லை. நாற்பத்தேழு வயதில் இனி எங்கே வளரப்போகிறேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

வாங்கியதற்கு உண்மையான காரணம் என் மகள். வயது பதினைந்து, பள்ளி ஸ்கீ கிளப்பில் இருக்கிறாள். போன குளிர்காலத்தில் நான் வாடகை ஸ்கீயில் தட்டுத்தடுமாறி இறங்கியபோது மூன்று முறை நின்று காத்திருந்தாள். நான்காவது முறை கையசைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த குளிர்காலத்துக்குள் அவளுக்கு லைசன்ஸ் வந்துவிடும். தோழிகளோடு அவளே காரோட்டிப் போவாள். ஆக, அவளுக்குப் பக்கத்தில் மலையிறங்க எனக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு சீசன். வேகமான ஸ்கீ இருந்தால் எட்டிப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவள் ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: விழுந்தால் காலணியை விட்டு ஸ்கீ தானாகக் கழன்றுகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கழல்வது முழங்கால்தான், கழல்கிறது என்று வீட்டிலேயே காட்டினால் சனிக்கிழமை மலைக்கு என்னோடு வரலாம். கடைசியில் மட்டும் என் வசதிக்காக, “இல்லேன்னா நோ வே, அப்பா” என்றாள்.

மூன்று ஐம்பதுக்கு வேலையைத் தொடங்கினேன். முதலில் விளிம்பு. பந்தய ஸ்கீயின் இரும்பு விளிம்பு நுனியிலிருந்து வால்வரை கத்தி மாதிரி இருக்கும். என்னைப் போன்றவர்கள் சற்றுச் சாய்ந்தாலே அது பனியைக் கவ்விக்கொண்டு ஆளைக் கவிழ்த்துவிடும். அதனால் முன்பக்கம் ஒரு சாண், பின்பக்கம் அரைச் சாண், சாணைக்கல்லால் தேய்த்து மழுக்கினேன். அடுத்தது மெழுகு. அடிப்பாகத்தில் உருக்கி ஊற்றி, சூடான பெட்டியால் தேய்த்து, ஆறியதும் சுரண்டி எடுக்க வேண்டும். இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொள்ளலாமா என்று மனைவியிடம் முறைப்படி அனுமதி கேட்டேன். “பழசை எடுத்துக்கோங்க” என்றாள். வீட்டில் இரண்டு பெட்டிகள். இரண்டுமே பழசுதான் என்று நான் நினைத்துக்கொண்டால் யார் என்ன செய்ய முடியும்? கைக்கு எட்டியதை எடுத்தேன்.

மூன்றாவதுதான் சிக்கல். காலணியைப் பிடித்துவைக்கும் பைண்டிங். எவ்வளவு விசைக்கு அது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு திருகும் எண்களும் உண்டு. எடை, உயரம், வயது, காலணி நீளம் எல்லாவற்றையும் அட்டவணையில் வைத்துப் பார்த்தால் எனக்கு உரிய எண் ஐந்தரை. இந்தப் பந்தய பைண்டிங்கில் எண்களே பத்தில்தான் தொடங்கின. பழைய ஸ்பிரிங், தளர்ந்திருக்கும், பத்து என்று போட்டிருந்தாலும் ஆறாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபத்திரண்டு வருடம் இன்ஜினியராக இருப்பவன் இப்படி ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. கராஜில் யாரும் இல்லாததால் சொன்னேன்.

ஐந்தே காலுக்குச் சோதனை. ஹாலில் கம்பளத்தின்மேல் ஸ்கீயைப் போட்டு, காலணியோடு ஏறி மிதித்தேன். இரண்டும் ‘டக் டக்’ என்று பூட்டிக்கொண்டன. ஒரு நுனி டிவிக்கு அடியில், வால் சாப்பாட்டு மேஜைக்கு அடியில். அட்டவணையில் சொன்னபடி முழங்காலை உள்பக்கமாக முறுக்கினேன். கழலவில்லை. இன்னும் முறுக்கினேன். முழங்கால் ஏதோ சொல்ல ஆரம்பித்தது, நிறுத்திவிட்டேன். சரி, இறங்கிவிடுவோம் என்று குதிகால் நெம்புகோலை ஸ்கீ கம்பால் அழுத்தினேன். வலது திறந்தது. இடது துருவேறி இறுகிக் கிடந்தது. கம்புதான் வளைந்தது.

அப்போது காலிங் பெல் அடித்தது. பனிச்சாலையில் வழுக்காமலிருக்க டயருக்குப் போடும் சங்கிலியை இரவல் கொடுக்க வந்திருந்தார், இரண்டு வீடு தள்ளி இருக்கும் கோயம்புத்தூர் நண்பர். மனைவி கதவைத் திறந்தாள்.

“ஏனுங்க, ஊட்டுக்குள்ளயே கெளம்பிட்டீங்களா?” என்றார்.

“வாங்க, உக்காருங்க” என்றேன், நின்ற இடத்திலிருந்தே.

“நாங்க உக்காந்துக்கறோமுங்க. நீங்க அசையாதீங்க.”

“அசைஞ்சாத்தானே” என்றாள் மனைவி. “அரை மணியா ஹால்ல நடராஜர் மாதிரி நிக்கிறார். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே.” பிறகு மூக்கை உறிஞ்சினாள். “என்னங்க இது, புதுப் பெட்டியில மெழுகு வாடை?”

நான் அவசரமாக நண்பருக்கு இடது நெம்புகோலைக் காட்டினேன். நண்பர் தரையில் உட்கார்ந்து நெம்புகோலை இரண்டு கையாலும் அழுத்தினார். மனைவி பூரிக்கட்டையைக் கொடுத்தாள். கட்டையைக் குறுக்கே வைத்து நெம்பியதில் ஸ்கீயும் நானும் சேர்ந்து நான்கு அங்குலம் முன்னால் போனோம்; டிவி ஸ்டாண்டிலிருந்து ஒரு கேசட் விழுந்தது.

“இது எறங்கவே வேணாமுங்க. அப்படியே கார் மேல கட்டிக் கொண்டு போயிரலாம்” என்றார் நண்பர்.

இதற்குள் மகள் வந்துவிட்டாள். பையை இறக்கினாள். டப்பாவிலிருந்து ஒரு முறுக்கு எடுத்தாள். அதைத் தின்று முடிக்கும்வரை எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆங்கிலத்தில், ரொம்ப மரியாதையாக, காலணியின் கொக்கிகளைத் தளர்த்திக் காலை வெளியே எடுத்தால் என்ன என்று கேட்டாள்.

நண்பர் பூரிக்கட்டையைக் கீழே வைத்தார். நான் கொக்கிகளைத் தளர்த்தினேன். நான்கு கொக்கிகள். காலை எடுத்தேன். சாக்ஸோடு கம்பளத்தில் நின்றேன். காலணி மட்டும் ஸ்கீயின்மேல் நிமிர்ந்து நின்றது, நானில்லாமல் கிளம்பத் தயாராக.

நண்பர் சங்கிலியை வைத்துவிட்டு, தெருவைத் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே போனார். மனைவி இஸ்திரிப்பெட்டியைத் தேய்க்கப் போனாள். மகள் காலணியைத் தட்டிப் பார்த்து, தலையை ஆட்டினாள்.

“கழலலை, அப்பா.”

“ஸ்பிரிங்குக்கு எண்ணெய் போட்டா…”

“அப்பா.”

தோற்றுவிட்டேன் என்று புரிந்தது. முழங்காலும் அவள் பக்கம்தான் பேசியது. அங்கேயே கம்பளத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்க்க எப்படி இருந்ததோ தெரியாது. அவளும் எதிரே உட்கார்ந்தாள். வாடகைக்கு நூற்று அறுபது சென்டிமீட்டர் எடுத்தால் கூடவே இறங்குகிறேன் என்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

“டில் ட்வெல்வ். அப்புறம் ஃப்ரெண்ட்ஸ்.”

“பன்னிரண்டரை?”

“ட்வெல்வ்.”

“நடுவுல கையாட்டிட்டுப் போகக் கூடாது.”

அவளுக்கு அது ஞாபகம் இருக்கிறது என்பது முகத்தில் தெரிந்தது. “ப்ராமிஸ்” என்றாள்.

ஐந்து மணிக்கு எழுந்து ஐந்தரைக்குக் கிளம்புவது என்று ஏற்பாடு. டாஹோ போய்ச் சேர ஒன்பது. வாடகைக் கடை வரிசையில் அரை மணி. அவள் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான். எனக்குக் கிடைப்பது இரண்டரை மணி நேரம். நோட்டில் எழுதிப் பார்த்தேன். எத்தனை முறை எழுதினாலும் இரண்டரைதான் வந்தது. ஒன்பதரை மணிக்குப் படுத்தேன்.

மறுநாள் காலை நான்கு மணிக்கு எழுந்து, முதல் வேலையாக, சத்தம் போடாமல் மகளின் அறைக்குள் போய், தலைமாட்டில் இருந்த அவளுடைய அலாரம் கடிகாரத்தின் முள்ளை, நான்கு இருபதுக்கே ஐந்தடிக்கும்படி, நாற்பது நிமிடம் முன்னால் நகர்த்திவைத்தேன்.