நானூறு நாள் பச்சை விளக்கு

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. கல் உடைக்கும் ஆலையில் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் எகத்தாளம்தான். முதுகுக்குப் பின்னால் மட்டும் அப்படிச் சொன்னார்கள் என்று எழுத ஆசை. முகத்துக்கு நேராகத்தான் கூப்பிட்டார்கள். அவரும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்த்தார்.

வேலை பெல்ட் ஒட்டுவது. உடைத்த கல்லைச் சுமந்துகொண்டு ஒரு கிலோமீட்டர் ஓடும் ரப்பர் பெல்ட் எங்கேயாவது அறுந்தால், இரண்டு முனைகளையும் சீவி, தூசி தட்டி, பசை தடவி, நடுவே வேகாத ரப்பர் வைத்து, இரும்புத் தகடுகளால் அழுத்திச் சூடு கொடுத்து ஒன்றாக்குவார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் போட்ட ஒட்டு ஒன்றுகூடப் பிரிந்ததில்லை. அந்தத் திமிர் அவருக்கு நிறைய உண்டு. வேலை தெரியாதவர்களைப் பார்த்தால் இளக்காரம், தெரிந்தவர்களைப் பார்த்தால் சந்தேகம், படித்தவர்களைப் பார்த்தால் சிரிப்பு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஐம்பது வயது வரை அடிபடாமல் வந்ததே பெரிய விஷயம்.

அந்தச் சிரிப்புக்குத் தீனி போட வந்தவர் டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பாலிமர் படித்த டாக்டர். தலைமை அலுவலகத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்து, மடிப்புக் கலையாத சட்டையும் கையில் ஒரு முழ ரப்பர் பட்டையுமாக வந்து இறங்கினார். மேனேஜர் அறையில் எல்லோரையும் நிற்க வைத்து, பட்டையைப் பிளேடால் இரண்டாக வெட்டினார். வெட்டிய முனைகளைச் சேர்த்து அழுத்தினார். டீ குடித்து முடித்ததும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக் காட்டினார். பிரியவில்லை.

"இதுக்குள்ள இருக்கிற மூலக்கூறு எல்லாம் சங்கிலி மாதிரி. அறுந்தா பக்கத்துச் சங்கிலியோட அதுவே கை கோத்துக்கும். காயம் தானா ஆறிடும்" என்றார்.

மேனேஜர் கை தட்டினார். மேனேஜர் தட்டியதால் ஃபோர்மேனும் தட்டினார். எகத்தாளம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"சார், நடுவுல தூசி இருந்தா?"

"தூசி இருக்கக் கூடாது."

கல் உடைக்கிற ஆலையில், ஜன்னல் கம்பியில் விரல் வைத்தால் மாவு மாதிரி ஒட்டுகிற இடத்தில், அந்த மனிதர் சிரிக்காமல் இதைச் சொன்னார். எகத்தாளம் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சொல்லியே சோறு தின்றார்.

தானே ஆறும் ரப்பர் பாதிக் கதைதான். மீதிப் பாதி காவல். அந்த ரப்பரில் செய்து ஆலையில் மாட்டிய புதுப் பெல்ட்டுக்குள் பத்து மீட்டருக்கு ஒன்றாகச் செம்புக் கம்பி வளையங்களைப் புதைத்திருந்தார் டாக்டர். பெல்ட்டுக்கு அடியில் ஒரு ரோலருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. வளையம் கடக்கும்போதெல்லாம் பெட்டி அதைக் குறித்துக்கொள்ளும். குறித்த நேரத்துக்குள் வளையம் வராவிட்டால் பெல்ட் கிழிந்து வளையமும் அறுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே சைரன் ஊளையிடும், பெல்ட் நிற்கும், சுரங்க வாசலில் எரியும் பச்சை விளக்கு சிவப்பாகும். அந்தப் பெல்ட் நூறு மீட்டர் தூரம் பூமிக்கு அடியில் ஒரு சுரங்கத்துக்குள் ஓடுகிறது. அங்கே அது நீளவாக்கில் கிழிந்தால், மேலே இருக்கிற கல் முழுவதும், கீழே யாராவது இருந்தால் அவர்கள் தலையில். ஆகவே யோசனை நல்ல யோசனைதான். எகத்தாளமே அதை ஒப்புக்கொண்டார், மனதுக்குள்.

தகராறு ஒட்டில் வந்தது. பெல்ட்டை வெட்டி ஒட்டினால் அந்த இடத்து வளையமும் சேர்ந்து போகும். வளையம் போனால் பெட்டி கத்தும். மூன்று மாதத்தில் நான்கு ஒட்டு விழுந்தது. சைரன் ஒரு ஷிஃப்டுக்கு எட்டுத் தடவை ஊளையிட்டது. டாக்டருக்குப் போன் போட்டால், "என் கணக்குல ஒட்டே கிடையாதே. காயம் தானா ஆறணுமே" என்றார். அவர் கணக்கில் தூசியும் கிடையாது, கல்லும் கிடையாது. பெல்ட் பாவம், அவர் கணக்கைப் படிக்காமலே அறுந்தது.

ஃபோர்மேனுக்குக் காது புளித்துப்போனது. மேலே இருந்து மேனேஜர் கடித்தார். அந்தக் கடியைக் கீழே இறக்கி வைக்க ஓர் ஆள் வேண்டும்.

"என்னய்யா பண்ணுவியோ தெரியாது, இது வாயை மூடணும். எப்படி மூடினேன்னு எங்கிட்ட சொல்லாதே."

எகத்தாளம் ஒட்டும்போது வெட்டிப்போட்ட டாக்டர் பெல்ட்டில் இருந்து கையகலத் துண்டு ஒன்றை, உள்ளே வளையம் முழுசாக இருக்கும்படி வெட்டினார். பெட்டிக்குப் பக்கத்து ரோலருக்கும் டாக்டர் அதே ரப்பரில்தான் உறை போட்டிருந்தார். உறையைத் துடைத்து, சுரண்டி, மறுபடி துடைத்து, ஒரு துளி தூசி இல்லாமல் துண்டை அதன்மேல் வைத்து ஒட்டினார். இனி ரோலர் சுற்றும்போதெல்லாம் துண்டு பெட்டியைக் கடக்கும். பெட்டி வளையம் வந்ததாகக் குறித்துக்கொள்ளும். கடைசியாக எப்போது வளையம் வந்தது என்று மட்டும் பார்க்கத்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இத்தனை சீக்கிரம் எப்படி வந்தது என்று கேட்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெட்டிப் பாம்பாய் அடங்கியது.

பத்தாம் நாள் மேனேஜர் ஒரு பலகை மாட்டினார். 'இயந்திரக் காவல்: தடங்கல் இல்லாத நாட்கள் 10.' பிறகு நூறு, இருநூறு. டாக்டர் வந்து பலகையோடு படம் எடுத்துக்கொண்டார். காயம் ஆறத் தொடங்கிவிட்டது, அதனால்தான் சைரன் நின்றுவிட்டது என்று கூட்டம் கூட்டிச் சொன்னார். எகத்தாளம் பின்வரிசையில் நின்று உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். இத்தனை படித்தவர்கள் கையகல ரப்பருக்கு மாலை போடாத குறையாக நிற்பதைப் பார்க்க யாருக்குத்தான் கசக்கும்? வீட்டில் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. ரகசியமாய்ச் சிரிப்பதில் தனி ருசி இருந்தது.

முந்நூற்றுத் தொண்ணூறாம் நாள் அந்த ருசி போனது.

அவர் மனைவியும் அதே ஆலையில்தான். சுரங்கத்தில் பெல்ட்டில் இருந்து சிந்துகிற கல்லையும் தூளையும் அள்ளும் ஆறு பெண்களில் ஒருத்தி. ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் பெல்ட்டை நிறுத்துவார்கள், அந்த நேரத்தில் உள்ளே போய் அள்ளிவிட்டு வருவார்கள். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"இனிமே பெல்ட்டை நிறுத்த மாட்டாங்களாம். ஓடுறப்பவே உள்ள போய் அள்ளணுமாம்."

"யாரு சொன்னது?"

"மேனேஜர்தான். அதான் பச்சை விளக்கு இருக்கே, கிழிஞ்சா அதுவே நிறுத்திடும், கிட்டத்தட்ட நானூறு நாளா ஒரு தப்பும் இல்லையேங்கிறார். ஒரு மணி நேரம் மிச்சமாம்."

எகத்தாளம் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். பதிலுக்கு ஒரு கிண்டல் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. சோறு சரியில்லையா என்று கேட்டாள்.

அடுத்த வாரம் முழுவதும் அவர் பெல்ட்டோடு நடந்தார். தன் ஷிஃப்ட் முடிந்தும் நடந்தார். ஐந்தாம் நாள் கல் கொட்டுகிற வாயில் ஒரு போல்ட் சிக்கி, ஓடுகிற பெல்ட்டைக் கத்தி மாதிரி கீறிக்கொண்டிருந்தது. மூன்று முழம் கிழிந்து, அந்த இடத்து வளையமும் அறுந்துவிட்டது. அவசரக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். பெல்ட் நின்றது. போல்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ரோலர் இறுகிவிட்டது என்று ஃபோர்மேனிடம் பொய் சொல்லி, கிழிசலை ஒட்ட நேரம் வாங்கினார். சுரங்கத்தில் இருந்து பெண்கள் உடம்பெல்லாம் தூளோடு வெளியே வந்தார்கள்.

"விளக்கு பச்சையாத்தானே இருக்கு, ஏன் நிறுத்தினீங்க?" என்று மனைவி கேட்டாள். அவர் விளக்கு இருந்த பக்கமே திரும்பவில்லை. அதை அவள் பார்த்தாள்.

அவர் செய்த அடுத்த காரியத்தை அவருக்காக வெட்கப்பட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நேராக ஃபோர்மேனிடம் போய், மனைவிக்கு முதுகு வலி, அலுவலகம் பெருக்குகிற வேலைக்கு மாற்றிவிடுங்கள் என்றார்.

"மாத்திட்டா போச்சு. அவளுக்குப் பதிலா அங்க பெருக்குறவளை உள்ள அனுப்புறேன்" என்றார் ஃபோர்மேன். எகத்தாளம் தலையாட்டினார். பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதாக வீட்டுக்கும் போய்ச் சொன்னார்.

"எனக்கு எங்க முதுகு வலி?" என்றாள் மனைவி. "என்ன நடக்குது? கயிறு இழுத்த அன்னிலேர்ந்து நீங்க நீங்களா இல்ல."

மென்று விழுங்கிப் பார்த்தார். அவளிடம் அது நடக்காது. பையில் இருந்த போல்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். கையகலத் துண்டையும் சொன்னார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ இத்தனை நாளா அந்த விளக்கு சும்மா எரிஞ்சுதா?"

"ஆமா."

"என்னை மட்டும் வெளியே இழுத்துட்டீங்க. மத்த அஞ்சு பேரு?"

அவர் போல்டை மேஜைமேல் உருட்டிக்கொண்டிருந்தார்.

"புதுசா உள்ள போகப்போறவளுக்குக் கைக்குழந்தை இருக்கு. தெரியுமா உங்களுக்கு?"

"நான் என்ன பண்ண? சொன்னா வேலை போயிடும்டி."

"ஊர்ல இருக்கிறவன் எல்லாம் முட்டாள்னு சிரிச்சீங்களே. அந்த டாக்டரு தெரியாம பண்ணினாரு. நீங்க தெரிஞ்சே பண்ணியிருக்கீங்க." எழுந்து போல்டை அவர் பக்கம் தள்ளினாள். "நான் போய்ச் சொன்னா, பெருக்குறவ பேச்சுன்னு தள்ளிடுவாங்க. நீங்க ஒட்டினது, நீங்கதான் பிரிக்கணும். நாளைக்கு நான் அவளையும் சேர்த்து ஆறு பேரையும் வாசல் தாண்ட விட மாட்டேன். எத்தனை நாளைக்கு என்னால நிறுத்த முடியும்னு நீங்களே பாத்துக்குங்க."

இருபத்திரண்டு வருடமாக எல்லோரையும் வாயால் வறுத்தெடுத்த மனிதர், அன்று போல்டைப் பொறுக்கிக்கொண்டு திட்டு வாங்கினார். நன்றாக வேண்டும்.

மறுநாள் நானூறாம் நாள். ஷெட்டில் மேஜை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். டாக்டருக்குக் கேடயம். தலைமை அலுவலகத்தில் இருந்து நான்கைந்து பெரியவர்கள் தலையில் புதுத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். டீ நேரத்துக்குப் பெல்ட் பத்து நிமிடம் நிற்கும். எகத்தாளம் கத்தியோடு ரோலரிடம் போனார்.

துண்டு வரவில்லை. ஓரத்தில் கத்தியை நுழைக்கப் பார்த்தார், ஓரமே இல்லை. விரலால் தடவினார். எங்கே துண்டு முடிகிறது, எங்கே உறை தொடங்குகிறது என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டும் ஒரே ரப்பர். அவர் அத்தனை சுத்தமாகத் துடைத்திருந்தார். அந்த ஆலை முழுவதிலும் தூசி இல்லாமல் இருந்த ஒரே இடம் அதுதான். அந்த ஒரே இடத்தில் டாக்டரின் ரப்பர் சொன்னபடியே கை கோத்திருந்தது.

"உன் வேலையை இங்கயா காட்டணும்" என்று ரப்பரைத் திட்டிக்கொண்டே ஸ்பானரை எடுத்தார். நான்கு போல்டுகளையும் கழற்றி, ரோலரையே தோளில் தூக்கிக்கொண்டார். பாதி வழி போகும்போது பெல்ட் ஓடத் தொடங்கியது. ஒரு நிமிடம். பிறகு சைரன், நானூறு நாள் அடக்கிவைத்த வயிற்றெரிச்சலோடு ஊளையிட்டது. பெல்ட் நின்றது. சுரங்க வாசலில் பெண்களை மறித்துக்கொண்டு நின்ற மனைவி, சிவப்பாகிவிட்ட விளக்கைப் பார்த்தாள்.

எகத்தாளம் ஷெட்டுக்குள் போய் வெள்ளைத் துணிமேல் ரோலரை வைத்தார். கேடயம் சரிந்தது.

"நானூறு நாளா பேசினது இதுதான் சார். பெல்ட் இல்ல. சைரன் தொல்லை தாங்காம நான்தான் ஒரு துண்டை இதுல ஒட்டினேன். போன வாரம் பெல்ட் மூணு முழம் கிழிஞ்சுது, உங்க விளக்கு பச்சையா எரிஞ்சுது. உள்ள ஆறு பேர் இருந்தாங்க."

ஃபோர்மேனின் முகத்தில் ஈயாடவில்லை. மேனேஜர் சரிந்த கேடயத்தை நிமிர்த்தி வைத்தார். டாக்டர் எழுந்து வந்து ரோலரைத் தடவினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"எங்க ஒட்டினே?"

"இங்கதான் சார். பிரிக்க முடியலை."

"பிரிக்க முடியாது!" டாக்டரின் குரல் சந்தோஷத்தில் கீச்சிட்டது. "பாருங்க, தையலே தெரியலை! ஆறிடுச்சு! ஆலைக்குள்ளேயே ஆறிடுச்சு!"

ஆறு பேர் என்று எகத்தாளம் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. ரோலரைப் போர்வையில் சுற்றி, குழந்தையைப் படுக்க வைப்பதுபோலக் காரின் பின்சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு போனார். ஆலைச் சூழலில் நானூறு நாள் தாங்கிய தானே ஆறும் ரப்பர் என்று பின்னர் ஒரு கட்டுரை வந்ததாம். ஒட்டியவர் பேர் அதில் கிடையாது.

எகத்தாளத்தை வேலையை விட்டு அனுப்ப மேனேஜருக்குக் கை துடித்தது. கடிதத்தில் காரணம் எழுத வேண்டுமே. காரணத்தை எழுதினால் நானூறு நாள் பலகையை யார் மாட்டியது என்ற கேள்வி வரும். பூசி மெழுகினார்கள். பலகை ராத்திரியோடு ராத்திரியாக மறைந்தது. பெல்ட்டை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு அள்ளும் பழைய வழக்கம், 'காவல் முறையை மேம்படுத்தும் பொருட்டு' என்ற புதுப் பெயரில் திரும்பி வந்தது. ஒட்டு வேலை வேறொருவருக்குப் போனது. எகத்தாளத்தைச் சுரங்கத்தில் தூள் அள்ளப் போட்டார்கள், ஆறு பெண்களோடு ஏழாவது ஆளாக. மனைவியும் பெருக்குகிற வேலையை விட்டுப் பழையபடி அங்கேயே திரும்பியிருந்தாள்.

அவர் வாய் மட்டும் மாறவில்லை. ஒருநாள் பெல்ட்டை நிறுத்தும் நேரத்துக்கு முன்பே சைரன் ஊளையிட்டது. பெல்ட் நின்றதும் எல்லோரும் உள்ளே போனார்கள். அவர் கைவிளக்கைத் தூக்கிப்பிடித்து மேலே பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கிழியவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் போட்ட பழைய ஒட்டு கடந்து போச்சு, அதுக்குப் போய் இந்தக் கத்து கத்துது பாரு. அறிவுகெட்ட மிஷினு."

மனைவி இரும்புச் சட்டியை அவர் காலடியில் நகர்த்தி வைத்தாள்.

"கத்தட்டும். அது சும்மா இருந்தப்பதான் நாங்க சாவோட இருந்தோம். நீங்க அள்ளுங்க."