பதினாலு ஸ்பானரும் ஓர் ஆளும்

பிரிட்ஜ் மெக்கானிக்கை ஒருவரும் சந்தோஷமான நேரத்தில் கூப்பிடுவதில்லை. மீன் நாறத் தொடங்கி, ஐஸ் பழம் தண்ணீராகி, வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லி முடித்த பிறகுதான் நமக்கு ஆள் அனுப்புவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் "எவ்வளவு நேரம் செல்லும்?" என்பார்கள். குறடு, ஸ்பானர் இரண்டையும் நம்பிப் பெண்டாட்டி பிள்ளைகளோடு கடல் கடந்த என் இனத்தவர்களே, உங்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. எனக்கு வந்த சங்கடங்களில் சிலதை மட்டும் சொல்கிறேன். உங்களுக்கு வந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்து ஆறுதல் அடையுங்கள்.

கொப்பி வந்த வழி

யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தோம். நான், மனைவி பிலோமினா, இரண்டு பெண்பிள்ளைகள். என் வேலை பெரும்பாலும் குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூரில். காலையில் லாஞ்சில் போய்ப் பின்னேரம் லாஞ்சில் வருவேன். இறங்குதுறையில் ஒரு சென்றி, ஆமிக்காரரின் காவலரண். அங்கே என் பெட்டியைத் திறந்தால் சிவப்புக் குழாயும் நீலக் குழாயும் தொங்கும், காஸ் அமுக்கம் பார்க்கும் ஒரு கேஜ், ஒரு காஸ் சிலிண்டர், சுருட்டி வைத்த செம்புக் குழாய், வயர்த் துண்டுகள். சென்றியில் நிற்பவரைக் கலவரப்படுத்துவதற்கென்றே யாரோ இந்தத் தொழிலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அங்கே நின்ற கோப்ரலுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். அவர் ஒரு வழி சொன்னார். பெட்டியில் உள்ளதையெல்லாம் தினமும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வர வேண்டும். எந்த ஊருக்கு, யாருடைய பிரிட்ஜ் திருத்தப் போகிறேன் என்பதும் அதில் இருக்க வேண்டும். போகும்போது ஒரு முத்திரை, வரும்போது எண்ணிப் பார்த்து இன்னொரு முத்திரை. என் கையெழுத்தை எனக்கே வாசிக்க வராது என்பதால் பிலோமினா எழுதித் தந்தாள். மூன்றாம் நாளே மாட்டிக்கொண்டேன். ஒரு ஸ்பானரை மூதூரில் மறந்து விட்டுவிட்டு வந்திருந்தேன். கோப்ரல் இரண்டு தரம் எண்ணினார். கொப்பியில் சிவப்பு மையால் வட்டம் போட்டார். பெட்டியைத் தன் கதிரைக்குக் கீழே தள்ளி வைத்துக்கொண்டு சொன்னார்: "ஐயா, போகும்போது பதினாலு. வரும்போது பதின்மூன்று. அந்த ஒன்று வரட்டும், பிறகு பெட்டி போகும்."

ஹனீபா காக்காவின் கூல்பார்

அந்த ஸ்பானர் கிடந்தது மூதூர்ச் சந்தியில் கூல்பார் வைத்திருந்த ஹனீபா காக்காவின் பிரிட்ஜுக்கு மேலே. வயதில் மூத்தவர், அதனால்தான் காக்கா, அதாவது அண்ணன்; நல்ல மனிசன். அவருடைய பிரிட்ஜ் அவரை விடவும் மூத்தது. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று ஒருவருக்கும் தெரியாத காலம் அது. நான் எதைத் திருத்தினாலும் இரண்டு கிழமைக்கு மேல் தாங்காது.

கடைசியில் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். "காக்கா, இனி இது ஏலாது. கொம்பிரசர் செத்துப் போச்சு." அவர் பிரிட்ஜின் கதவைத் திறந்தார், மூடினார், திரும்பவும் திறந்தார். கடைக்கு வெளியே வெயிலில் நின்றவர்களை ஒருதரம் பார்த்தார். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னார்: "தம்பி, குளிர் வராட்டியும் பரவாயில்ல, உள்ளுக்க இரிக்கிற லைட்டை மட்டும் எரிய வெச்சித் தாங்க. வெளிச்சத்தைக் கண்டா சனம் குளிர் எண்டுதான் குடிக்கும்."

சுவாமியாரின் மண்ணெண்ணெய்ப் பிரிட்ஜ்

மின்சாரமே இல்லாத இடங்களில் மண்ணெண்ணெய்ப் பிரிட்ஜ் இருந்தது. கீழே விளக்கு எரிய மேலே குளிரும். என்ன அதிசயம் என்று கேட்காதீர்கள், எனக்கும் விளங்க இரண்டு வருடம் சென்றது. இந்தச் சாமான் சில வேளை காரணம் இல்லாமல் நின்றுவிடும். அதற்கு ஒரே வைத்தியம்தான். தலைகீழாகக் கவிழ்த்து ஒரு நாள் வைத்துவிட்டு நிமிர்த்தினால் திரும்பவும் வேலை செய்யும். உள்ளே அடைபட்டு நின்றது ஓடத் தொடங்கிவிடும்.

எங்கள் கத்தோலிக்கக் கோயில் சுவாமியார் தங்கும் அறைவீட்டுப் பிரிட்ஜை அப்படிக் கவிழ்த்து வைத்தபோது, எனக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் குசினிக்காரர் நினைத்தார். மற்ற நாள் நிமிர்த்தி விளக்கை ஏற்றினேன். மத்தியானம் தண்ணீர் சில்லென்று இருந்தது. சுவாமியார் ஒரு கிளாஸ் குடித்தார். இன்னொரு கிளாஸ் குடித்தார். பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "முப்பது வருஷமா இந்தச் சனத்தோட மாரடிக்கிறன் சேவியர், ஒருத்தரையாவது இப்பிடித் தலைகீழா நிறுத்திப் பாப்பம் எண்டு எனக்குத் தோணேல்லையே!"

பட்டியலில் இல்லாத சாமான்

இது சிரிக்கிற கதை இல்லை. ஒரு நாள் பழைய கப்பாசிட்டர் ஒன்றைக் கழற்றி, வீட்டில் வைத்துச் சோதிக்கலாம் என்று பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். கப்பாசிட்டர் என்பது ஒரு சின்னத் தகர டப்பா, தலையில் இரண்டு வயர். காலையில் எழுதிய பட்டியலில் அது இல்லை. கோப்ரலுக்கு அன்று லீவு. வேறு ஆட்கள் நின்றார்கள். டப்பாவைக் கண்டதும் எல்லாரும் பத்தடி பின்னால் போனார்கள். என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். பெட்டியையும் கொப்பியையும் லாஞ்ச்காரரிடம் கொடுத்து வீட்டில் சேர்க்கச் சொன்னார்கள். அந்த நாட்களில் ஜீப்பில் ஏறியவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். சிலருடைய வீட்டார் இன்றைக்கும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள்.  பிள்ளைகளின் முகத்தை நினைக்கக் கூடாது என்று முகாம் அறைச் சுவரில் இருந்த ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிலோமினா அழுதுகொண்டு இருக்கவில்லை. பெட்டியைத் திறந்து கொப்பியோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்கிறாள். பிறகு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோப்ரல் தங்கியிருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, லீவில் இருந்த மனிசனை முகாம் வாசலுக்கே இழுத்து வந்துவிட்டாள். பொழுதுபட முன்னர் பெரிய அதிகாரி வெளியே வந்தார். அவள் கொப்பியை விரித்துக் காட்டிச் சொன்னதைக் கோப்ரல் மொழிபெயர்த்தார். உள்ளே இருந்த எனக்கும் அது கேட்டது: "ஐயா, கொப்பியில உள்ள சாமான் எல்லாம் வீட்டுக்கு வந்திட்டுது. ஆள்தான் குறையுது."

மூன்று சாட்சிகள்

ஆளை விட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு பிலோமினா என்னை விடவில்லை. மெல்பேர்னில் இருந்த அவளுடைய தம்பி, அங்கே பிரிட்ஜ் மெக்கானிக்குக்குத் தட்டுப்பாடு என்று ஒரு விண்ணப்பப் படிவம் அனுப்பி ஒரு வருடமாகியிருந்தது. அது அலுமாரியில் துணிகளுக்குக் கீழே கிடந்தது. அதை எடுத்து என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் சொல்லச் சொல்ல அவளே நிரப்பினாள்.

எல்லாம் நிரப்பி ஒரே இடத்தில் முட்டிக்கொண்டோம். ஏழு வருடம் இந்த வேலை செய்ததற்கு அத்தாட்சி வேண்டுமாம். சீனன்குடா வீதியில் நான் தொழில் பழகிய பட்டறை எரிந்து போயிற்று. முதலாளி இந்தியாவில் எந்த அகதி முகாமில் இருக்கிறாரோ தெரியாது. ஆகவே வாடிக்கையாளரிடம் கடிதம் வாங்கினேன். நான் பூசைக்குத் தவறுவதில்லை, பாடற் குழுவில் நன்றாகப் பாடுவேன், உண்மை பேசுவேன் என்று சுவாமியார் எழுதியிருந்தார். ஹனீபா காக்கா விசா அதிகாரியின் சுகத்தையும் அவருடைய பிள்ளைகளின் சுகத்தையும் விசாரித்துவிட்டு, நான் அவருக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி என்றும், ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் என்னை அங்கே வைத்திருக்க வேண்டாம், கடையைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்றும் எழுதியிருந்தார். என் இன்னொரு வாடிக்கையாளர், மீனவருக்கு ஐஸ் விற்கும் வாடியின் முதலாளி, தான் ஐஸ் விற்ற கதையை யாரையோ கொண்டு அரைப் பக்கம் எழுதுவித்துக் கைநாட்டு வைத்திருந்தார்.

மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு முன்னால் மரத்தடியில் டைப் அடிப்பவரிடம் மூன்றையும் கொடுத்தேன். அவர் வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணை, முதலாவதைப் பாத்தா உங்களைக் கோயிலுக்கு எடுப்பாங்கள். ரெண்டாவதைப் பாத்தா திருப்பி அனுப்புவாங்கள். மூண்டாவதைப் பாத்தா ஐஸ் வாங்க வருவாங்கள். மெக்கானிக் எண்டு எங்க கிடக்கு?"

கோப்ரலின் பதில்

கொப்பிகளை அனுப்புவோம் என்று சொன்னது பிலோமினாதான். எழுதி முடித்த ஒன்றையும் அவள் எறிந்ததில்லை. அலுமாரிக்கு மேலே இருந்து இறக்கித் தூசி தட்டினோம். இருபத்திரண்டு கொப்பிகள். திகதி, சாமான், ஊர், யாருடைய பிரிட்ஜ், போன முத்திரை, வந்த முத்திரை. ஏழு வருடமும் ஒரு நாள் பிசகாமல் அங்கே கிடந்தது. எங்கள் அத்தாட்சி தலைக்கு மேலே இருக்க, அதற்குக் கீழே படுத்துக்கொண்டு ஒரு மாதம் நித்திரை இல்லாமல் புரண்டிருக்கிறோம்.

ஆனாலும் எனக்குப் பயம். முத்திரை உண்மையானதுதான் என்று ஒரு வரி எழுதி வாங்கலாமே என்று, ஒருவரும் தானாகத் தேடிப் போகாத சென்றிக்கு நானாகவே போனேன். கோப்ரல் கொப்பிகளைப் புரட்டினார். சிவப்பு வட்டம் போட்ட பக்கத்தில் நின்று கொஞ்சம் சிரித்தார். பிறகு தலையை ஆட்டிச் சொன்னார்: "கடிதம் எழுத எனக்கு அனுமதி இல்லை ஐயா. ஆனால் இந்த முத்திரை பொய் என்று யாராவது சொன்னால், அவரை இங்கே அனுப்புங்க. நான் அவர் பெட்டியையும் பார்க்கிறேன்."

ஒரே ஒரு கேள்வி

விசா நேர்முகத்துக்குக் கொழும்புக்குப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். கொம்பிரசர், காஸ், கப்பாசிட்டர் என்று என்ன கேட்பார்களோ என்று லாஞ்சில் போகும்போதெல்லாம் பாடமாக்கி வைத்திருந்தேன். அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் கொப்பிகளைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.  பிலோமினா சின்னவளின் கையை இறுக்கிப் பிடித்ததில் பிள்ளை சிணுங்கியது. இது சரிவராவிட்டால் திரும்பவும் அதே லாஞ்ச், அதே சென்றி, இன்னொரு ஜீப்.

கடைசியில் ஒரு பக்கத்தில் விரலை வைத்து ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் முறை கேட்டு உறுதி செய்துகொண்டு எனக்குச் சொன்னார்: "இந்த ஒரு நாள் ஒரு ஸ்பானர் குறையுதாம். அது பிறகு கிடைச்சுதா எண்டு அம்மா கேக்கிறா."

கிடைத்தது என்றேன். ஹனீபா காக்காவின் பிரிட்ஜுக்கு மேலே என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். மூன்று மாதத்தில் நாலு பேருக்கும் விசா வந்தது. கடிதத்தைப் பிலோமினா சத்தமாக வாசித்தாள். 

கடைசிப் பட்டியல்

புறப்பட்ட நாள் காலை பஸ்ஸுக்குப் போகும் வழியிலும் ஒரு சோதனை. அன்று அங்கே நின்றவர் எங்கள் கோப்ரல்தான். வழக்கம்போலக் கொப்பியை நீட்டினேன். பிலோமினா வழக்கம்போல எழுதியிருந்தாள். கேஜ் ஒன்று, குறடு இரண்டு, ஸ்பானர் பதினாலு. அதற்குக் கீழே எனக்குச் சொல்லாமல் இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தாள்: பெரிய ஆள் இரண்டு, பிள்ளை இரண்டு.

அவர் பெட்டியை எண்ணினார். பிறகு எங்களைப் பார்த்து விரலை நீட்டி எங்களையும் எண்ணினார். முத்திரையை நன்றாக ஊதிக் குத்தினார். "போகிற முத்திரை மட்டும்தான் போடுகிறேன். வருகிற முத்திரைக்கு அவசரம் இல்லை."

மெல்பேர்ன் வாசலில்

முதல் நாள் வேலை ஒரு பெரிய இறைச்சிக் குளிர்களஞ்சியத்தில். வாசலில் சீருடை போட்ட ஒரு கிழவனார் நின்றார். சீருடையைக் கண்டதும் என் கை தானாக வேலை செய்யத் தொடங்கிவிட்டது. பெட்டியை நிலத்தில் வைத்தேன், திறந்தேன், சாமான்களை ஒழுங்காக அடுக்கினேன், பட்டியலை நீட்டினேன், இரண்டடி பின்னால் தள்ளி நின்றேன். கிழவனார் பட்டியலைப் பார்த்தார், சாமான்களைப் பார்த்தார், குனிந்து ஒரு ஸ்பானரைத் தூக்கிப் பாரம் பார்த்தார். பிறகு மிகவும் இரக்கத்தோடு சொன்னார்: "நல்ல சாமான்தான் மகனே, ஆனால் எனக்கு ஒன்றும் வாங்கத் தேவையில்லை."

போன மாதம்

போன மாதம் என் நல்ல குறடு ஒன்றை எந்தக் கடையிலோ விட்டுவிட்டு வந்துவிட்டேன். இத்தனை வருடமாகியும் வீட்டு வாசலிலேயே நின்று பெட்டியைத் திறந்து காட்டித்தான் சொன்னேன். பிலோமினா குசினியில் இருந்து எட்டிப் பார்த்தாள், என்னை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்தாள். "ஆள் வந்திட்டுதுதானே? அது போதும். கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, சாப்பிடுவம்."

அவள் எத்தனையோ கொப்பியில் எழுதிய பட்டியல்கள் எல்லாவற்றையும் விட, வாயால் சொன்ன இந்த ஓர் ஆள் பட்டியல்தான் ஆகச் சின்னது, இதற்கு முத்திரை குத்தவும் ஒருவரும் தேவைப்படவில்லை.