சனிக்கிழமைக்கு நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை

நகரியில் விசைத்தறி ஓட்டும் செங்கல்வராயன், சூலம் பார்க்காமல் புத்தூர் சந்தைக்குக்கூடப் போகமாட்டார். அன்றைய சூலம் எந்தத் திசையோ அந்தப் பக்கம் பயணம் ஆகாது. போயே தீரவேண்டுமென்றால் கிழக்குக்குத் தயிர், மேற்குக்கு வெல்லம் என்று வாயில் போட்டுக்கொண்டு கிளம்பவேண்டும். மகள் உதயா ஒரு திங்கட்கிழமை தயிர் தொடாமல் கிழக்கே சென்னைக்குப் போனாள், விசா கிடைக்கவில்லை. இரண்டாம் தடவைதான் கிடைத்தது. இனி சான்பிரான்சிஸ்கோவில் இறங்கியதும் அங்கேயுள்ள அதிகாரி அவளை உள்ளே விடவேண்டும். செங்கல்வராயனுக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரே கவலை.

டில்லியிலிருந்து விமானம் சனிக்கிழமை விடியற்காலை. "சனிக்கு சூலம் கிழக்கே. அமெரிக்கா மேற்கே. பயமே இல்ல" என்று ரேணிகுண்டா ஏர்போர்ட்டில் அவளை வழியனுப்பிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில், பி.எஸ்சி. முடித்த மகன் அருள்குமார் செல்போனில் விமானம் போகும் வழியைக் காட்டினான்.

"இன்னாடா இது, கிழக்கே போய்க்கினு கீது? வழி தப்பிட்டானா?"

"இல்ல நைனா. அந்தப் பக்கம் போனா காத்து பின்னாலேர்ந்து தள்ளும். பன்னெண்டாயிரம் கிலோமீட்டர், பதினைஞ்சு மணி நேரத்துல போயிடும்."

"அவ தயிர் துன்னாளா?"

"போன் ஆஃப்ல கீது."

பெண்ணுக்காகப் பெற்றவன் சாப்பிட்டால் ஆகாதா என்ன? ஒரு டம்ளர் குடித்தார். விமானம் வடகிழக்கே சாய்ந்தால் அரை டம்ளர், நேர்கிழக்கே திரும்பினால் முழு டம்ளர்.

"கிளம்பும்போது பாத்தா போதாதா மாமா?" என்றாள் மனைவி கன்னியம்மாள்.

"திரும்புறதும் புதுசா கிளம்புற மாதிரிதான். ஊத்து."

சட்டி காலியாகி, கடையிலிருந்து பாக்கெட் தயிர் வந்த மத்தியானம், அருள்குமார் தலை நிமிர்ந்தான். "நைனா, இப்ப அவளுக்கு வெள்ளிக்கிழமை."

"போடா, நேத்துதானே வெள்ளி!"

"கடல் நடுவுல ஒரு கோடு வெச்சிருக்காங்க. கிழக்கே போறவங்க அதைத் தாண்டினா ஒரு நாள் பின்னால போயிடுவாங்க."

செங்கல்வராயன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். வெள்ளிக்குச் சூலம் மேற்கே! டம்ளரைக் கீழே வைத்து நீளமாக ஏப்பம் விட்டார். "உன்னைப் படிக்க வெச்சது வீண் போகலடா."

அந்த நிம்மதி சாயங்காலம் வரை தாங்கவில்லை.

"நைனா, அங்க ராத்திரி பன்னெண்டு தாண்டிச்சு. மறுபடி சனி."

"அதே சனியா?"

"அதே சனிதான்."

"ஒரே சனிக்கிழமைக்கு ரெண்டு வாட்டி துன்ன வைக்கிறானுங்களே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே டம்ளரை நீட்டினார்.

விளக்கு வைத்து வெகு நேரம் கழித்து உதயா கூப்பிட்டாள். "உள்ள விட்டுட்டாங்கம்மா! பெரிசா ஒண்ணும் கேக்கல. நைனா எங்க?"

கன்னியம்மாள் போனை பாத்ரூம் கதவில் வைத்துப் பிடித்தாள்.

"பாத்தியா, தயிருதான் காப்பாத்திச்சு" என்றார் செங்கல்வராயன், உள்ளேயிருந்து ஈனக்குரலில். "திரும்பி வரும்போது எந்தப் பக்கமா வருவே? மேற்காலயா?"

உதயா பதில் சொல்வதற்குள், கன்னியம்மாள் போனை மகன் கையில் திணித்துவிட்டு நடந்தாள். சமையலறையில் வெல்ல டப்பாவை எடுக்கும் சத்தமும், அடுத்தாற்போல் அதை உள்ளே வைத்துப் பீரோவைப் பூட்டும் சத்தமும் அவர் காதில் விழுந்தன.