சித்தி கலந்த உப்பு

வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் என் சித்தப்பா, வீட்டில் வாய் திறந்து பேசுவது கூடத்திலிருந்த கடல் மீன் தொட்டியிடம் மட்டும்தான். கட்டைவிரல் அளவில் வாங்கி வைத்த பவளங்கள் அதில் கைக்குட்டை அகலத்துக்கு விரிந்திருந்தன. “என் சக்களத்தி” என்று சித்தி அதைக் கிண்டல் செய்வார்.

அறுவை சிகிச்சைக்காகச் சித்தப்பா மருத்துவமனையில் கிடந்தபோது தொட்டியைச் சித்திதான் பார்த்துக்கொண்டார். தண்ணீர் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் உப்பில்லாத தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அவசரத்தில் சித்தப்பா அதைச் சொல்லாமல் போய்விட்டார். கடல் உயிராயிற்றே என்று சித்தி தினமும் உப்பைக் கரைத்து ஊற்றினார். சித்தப்பா திரும்பியபோது பவளங்கள் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தன.

“ஒரு நாள்கூட விடாம உப்பு கலந்துதாங்க ஊத்தினேன். பத்தலையோ?”

சித்தப்பா, கூடத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். பிறகு, “நீ நல்லாத்தான் பாத்துக்கிட்ட. அதுங்களுக்கு ஆயுசு அவ்வளவுதான்” என்றார்.

“அப்ப புதுசு வாங்குங்க. நானே பாத்துக்கறேன்.”

“வேண்டாம்” என்று தொட்டியின் மோட்டாரை அணைத்தார்.

“என்மேல நம்பிக்கை இல்லைன்னு சொல்லிட்டுப் போங்களேன்” என்று சித்தி உள்ளே போய்விட்டார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். எது சித்திக்குக் குறைவாக வலிக்கும் என்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்.