அப்பா கை நீட்டி நின்ற வாசல்

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அப்பாவின் வலது உள்ளங்கையில் பவுடரும் தேங்காயெண்ணெயும் வியர்வையும் கலந்த ஒரு வாசம் இருக்கும். அண்ணனூரில் எங்கள் சபைக்கு அவர்தான் போதகர், எல்லாருக்கும் 'ஐயர்'. ஆராதனை முடிந்ததும் பெரிய வாசலில் நின்று அத்தனை பேருக்கும் கைகொடுப்பார், வீட்டுக்கு வந்ததும் நான் அந்தக் கையை முகர்ந்து, யார் யார் வந்தார்கள் என்று கதை அளந்து அவரைச் சிரிக்கவைப்பேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நற்கருணை ஞாயிறு. பீடத்தின்முன் முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கும் 'முதல் பந்தி' எப்போதும் முன்வரிசையில் இருக்கும் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் குடும்பங்களுக்குத்தான். தெருக் கூட்டும் ரோசம்மாவும் அவள் சனங்களும் எல்லாரும் குடித்த பாத்திரத்தில் கடைசியாகக் குடிப்பார்கள். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை, யாரும் மாற்றியதுமில்லை. அன்று அப்பா பின்வரிசையை முதலில் கூப்பிட்டார். ரோசம்மா வாய் வைத்த பாத்திரம் தங்களுக்கு வரும் என்று தெரிந்ததும் முன்வரிசையில் பாதிப் பேர் எழுந்திருக்கவேயில்லை.

சாயங்காலமே சபைச் செயலர் வீட்டுக்கு வந்துவிட்டார். "ஐயரே, சனங்கள அனுசரிச்சுப் போங்க. பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு மனு அனுப்பினா உங்களுக்கு மாத்தல்தான்."

அவர் போனதும் ரோசம்மா வந்து அழுதாள். "இன்னாத்துக்கு ஐயரே இந்த வம்பு? நாங்க கடைசியாவே வந்துகினு போறோம்."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு ரோசம்மா. ஆனா நாளைக்கு என்னைக் கேள்வி கேக்கப்போறவர் ஆண்டவர்" என்ற அப்பா, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் கை நீட்டி நிற்க, கூட்டம் பக்கவாசல் வழியாக வெளியேறியது. செயலரின் மகள் என் உயிர்த்தோழி. அவள் தயவில்தான் கிறிஸ்துமஸ் நாடகத்தில் எனக்கு ஒரு வேஷம் கிடைத்திருந்தது. "வாடி" என்று இழுத்தாள், போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மதியம் அவர் கையை நான் முகரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மாற்றல் உத்தரவு வரும்வரை, மேலும் நாலு வாரம், அப்பா அதே வாசலில் நின்றார். ரோசம்மா வீட்டார் மட்டும் கைகொடுத்தார்கள். நானோ பக்கவாசலில்தான் போனேன்.

சென்ற மாதம் அங்கே போயிருந்தேன். கட்டடம் பெரிதாகிவிட்டது, பந்தி கிடையாது, ஆளுக்கொரு சின்னக் கப் தட்டில் வருகிறது, பக்கவாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். அப்பாவும் இல்லை. அவர் நின்ற இடத்தில் நின்றபோதுதான் நினைவுக்கு வந்தது, அந்த நாலு வாரமும் அவர் பக்கவாசலுக்கு முதுகைக் காட்டியே நின்றிருந்தார். சபையே பக்கவாசலில் போனதைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதரால், நான் போவதைப் பார்க்க முடியவில்லை.