தம்பியின் ரேஸ் சைக்கிள்

அவனியாபுரம் பட்டறையில் தம்பி தன் பழைய ரேஸ் சைக்கிளுக்குப் புது கியர் மாட்டக் கொடுத்திருந்தான். கியரோடு வந்த புதுப் பின்சக்கரம் அகலமாக இருந்ததால் உள்ளே போகவில்லை. மெக்கானிக் பின்பக்க ஃபோர்க்கை மெல்ல விரித்து கிரீஸ் தடவினார். அந்த வாசனை என்னைப் பத்தாம் வகுப்புக்கு இழுத்துப்போனது.

வகுப்பில் முதலாவதாக வந்தவள் நான். ஆனால் அப்பா இந்த சைக்கிளை வாங்கியது தம்பிக்கு. “பொம்பளப்புள்ளைக்கு பார் வச்ச சைக்கிள் எதுக்கு?” என்றார். ஞாயிறுதோறும் பனியனோடு உட்கார்ந்து அவரே அதற்கு கிரீஸ் போடுவார். எனக்கு வயிறு எரியும். தினமும் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவேன். தம்பி யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்கு உருட்டிக்கொண்டே போவான்.

இப்போது வேலை முடிந்ததும், கூட வந்திருந்த தம்பி மகள் சீட்டில் ஏறினாள். பதினாலு வயதுப் பிள்ளைமேல் பொறாமைப்பட வெட்கமாகத்தான் இருந்தது.

“எறங்கு தாயி. மொதல்ல அத்தை ஓட்டிட்டுத் தாரேன்” என்று ஹேண்டில்பாரைப் பிடித்தேன்.